வீட்டின் அமைதியும் வெள்ளிக்கிழமை விளக்கும்



சில வாரங்களாக இப்பக்கத்தில் எதுவும் எழுத இயலவில்லை. பள்ளிப் பணி ஒரு காரணம். மற்றொரு காரணத்தை எழுதுவதா வேண்டாமா என்று நெடுநாள் தயங்கினேன். பிறர் வீட்டுக் குறையை எழுதுவது எளிது. தன் வீட்டுக் குறையை எழுதுவதற்குச் சிறிது துணிவு வேண்டியிருக்கிறது. இருந்தாலும், என்னைப் போன்ற ஆசிரியர்கள் சிலருக்கேனும் பயன்படும் என்னும் எண்ணத்தில் எழுதுகிறேன்.

நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு, ‘என் வீட்டில் எனக்குப் பிடித்த நேரம்’ என்னும் தலைப்பில் ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொன்னேன். எங்கள் பள்ளி சிறிய பள்ளி. அந்த வகுப்பில் மொத்தம் பதினொரு பேர்தான். கோலா தெர்லாவின் காய்கறித் தோட்டங்களிலும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் உழைப்போரின் பிள்ளைகள். ஒரு சிறுமி, அப்பா தோட்டத்திலிருந்து திரும்பும் நேரம் பிடிக்கும் என்று எழுதியிருந்தாள். ஒரு மாணவன், மின்சாரம் தடைபடும் நேரம் பிடிக்கும் என்று எழுதியிருந்தான். அப்போது எல்லாரும் ஒரே மெழுகுவர்த்தியைச் சுற்றி அமர்வார்களாம், யாரும் யாரையும் ஏசமாட்டார்களாம். படித்து மனம் கனத்தது. இந்தப் பையனின் பெற்றோரை அழைத்துப் பேசவேண்டும் என்று நாட்குறிப்பில் குறித்துக்கொண்டேன்.

பத்தாவதாகத் திருத்திய புத்தகம் என் மகளுடையது. ஆம், அவளும் என் வகுப்பில்தான் பயில்கிறாள். “எனக்குப் பிடித்த நேரம் அம்மா குளிக்கிற நேரம். அப்பொழுது வீடு அமைதியாக இருக்கும்” என்று தொடங்கியிருந்தாள். ‘குளிக்கிற’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘குளிக்கும்’ என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அந்த வாக்கியத்தின் பொருள் என் மூளையில் ஏறியது.

ஆசிரியர் அறையில் யாரும் இல்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்தடை மாணவனின் பெற்றோரைக் கண்டிக்கத் துடித்த எனக்கு, என் வீட்டிலும் அதே நிலைதான் என்பது பத்தாவது புத்தகத்தில்தான் தெரிந்தது.

என் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கணவர் காய்கறி லோரி ஓட்டுகிறார். வாரத்தில் பல நாள் இரவில் கம்போங் ராஜா, சிம்பாங் பூலாய் வழியாக மலையிறங்கிக் கோலாலம்பூர் மொத்தச் சந்தைக்குச் சரக்கு கொண்டு போவார். விடிந்த பிறகு வந்து உறங்குவார். மகன் இடைநிலைப்பள்ளியில் படிவம் 2. மகள் நான்காம் ஆண்டு. என் மாமியாரும் எங்களோடு இருக்கிறார். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, பிள்ளைகளை ஆளாக்கியவர். ஆக ஐந்து பேர். சண்டை சச்சரவு என்று பெரிதாக எதுவும் இல்லை. குடி இல்லை, கடன் தொல்லை இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எங்கள் வீட்டை நல்ல குடும்பம் என்றுதான் சொல்வார்கள்.

ஆனால், மாலை மூன்று மணிக்கு நான் வீட்டினுள் நுழைந்ததும் வகுப்பறை தொடங்கிவிடும். “சட்டையை ஏன் இங்கே போட்டாய்? வீட்டுப்பாடம் எங்கே? கணிதத்தில் எத்தனை புள்ளி? கைப்பேசியை வை. தொலைக்காட்சியை அணை.” பள்ளியில் மகள் என்னை ‘டீச்சர்’ என்றுதான் அழைக்கவேண்டும், அது எங்களுக்குள் உள்ள ஒழுங்கு. ஒருநாள் வீட்டிலும் வாய்தவறி ‘டீச்சர்’ என்று அழைத்தாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அப்போது என் நினைவுக்கு வந்தது கொச்சி.

2018-ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேரளம் சென்றிருந்தோம். கொச்சியின் மட்டாஞ்சேரியில் யூதர் தெரு என்று ஒன்று உண்டு. தெருவின் கோடியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயம் இருக்கிறது. தரையில் பதித்த, கையால் ஓவியம் தீட்டிய சீனத்து ஓடுகளைக் காணவேண்டும் என்று ஆவலோடு போனோம். நாங்கள் போனது வெள்ளிக்கிழமை பிற்பகல். ஆலயம் அடைத்திருந்தது. “இத்தனை தூரம் வந்தும் பயனில்லையே” என்று நான் சலித்துக்கொண்டேன். எதிரே கடை வைத்திருந்த முதியவர் ஒருவர், “அவர்களுக்கு இன்று மாலை ஓய்வுநாள் பிறக்கிறது அம்மா. ஆள் குறைந்துவிட்டாலும் நாள் மாறவில்லை” என்று விளக்கினார். அவர் யூதர் அல்லர். அத்தெருவிலேயே வாழ்ந்து பழகியவர். ஒரு காலத்தில் வெள்ளி மாலையில் அந்தத் தெரு முழுவதும் வீட்டுக்கு வீடு எண்ணெய் விளக்கு எரிந்ததைச் சொன்னார். அவர் சொன்னது மனத்தில் தங்கிவிட்டது. ஊர் திரும்பிய பிறகு அதுபற்றிக் கிடைத்தவற்றைத் தேடிப் படித்தேன்.

‘யூதரைப் பற்றி நமக்கென்ன?’ என்று வாசகர்கள் சிலர் கேட்கலாம். நாடுகளுக்கிடையிலான பூசலைப் பற்றி நான் இங்கே பேசவரவில்லை. குடும்பத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். மேலும், அவர்கள் நமக்கு முற்றிலும் அயலாரும் அல்லர். கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கிச் செப்பேடு பொறித்துக் கொடுத்தான். அச்செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. பல்லக்கு, குடை, தோரணம் ஆகிய சிறப்புகளோடு பகல்விளக்கும் அவ்வுரிமைகளுள் ஒன்று. கொச்சி யூதர்கள் காலணியைக் கழற்றிவிட்டே தம் ஆலயத்துள் நுழைவர். அவர்தம் பெண்கள் மலையாளத்தில் பாடல் பாடி, அவற்றைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்து, மகளுக்கும் பேத்திக்கும் கொடுத்துச் சென்றனர். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். நம் நாட்டிலும் பினாங்கில் 1805-ஆம் ஆண்டு முதல் ஒரு யூத இடுகாடு இருக்கிறது. ஜாலான் ஜைனல் அபிடின் என்று இன்று நாம் அழைக்கும் அச்சாலைக்கு முன்பு ஜாலான் யஹூடி என்றே பெயர்.

அவர்களுடைய வெள்ளி மாலை எவ்வாறு அமைகிறது? சூரியன் மறைவதற்குள் சமையல், குளியல், வீட்டைத் துப்புரவு செய்தல் அனைத்தும் முடிந்திருக்கவேண்டும். சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது இல்லத்தரசி விளக்கேற்றுவது வழக்கம். பெரும்பாலும் இரண்டு சுடர்கள். ஏற்றிய பிறகு கண்களைக் கைகளால் மூடி வேண்டிக்கொள்கிறாள். உணவு மேசையில் பெற்றோர் பிள்ளைகளின் தலைமீது கைவைத்து வாழ்த்துகின்றனர். அதன் பிறகு, மறுநாள் இரவு விண்மீன் தோன்றும்வரை தொழில் இல்லை. அடுப்பு மூட்டுவதும் எழுதுவதும்கூட இல்லை. விலக்கப்பட்ட வேலைகளை 39 வகையாகப் பிரித்து வைத்துள்ளனர்.

என்னை மிகவும் சிந்திக்கவைத்தவை இரண்டு செய்திகள். முதலாவது, தல்மூத் என்னும் அவர்களது பழம்பெரும் நூலில் எழுப்பப்படும் ஒரு கேள்வி. ஓர் ஏழையிடம் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது. வீட்டில் ஏற்றும் ஓய்வுநாள் விளக்குக்கு எண்ணெய் வாங்குவதா, அல்லது ஹனுக்கா என்னும் திருவிழாவுக்குரிய விளக்குக்கு வாங்குவதா? வீட்டு விளக்கே முதன்மையானது என்று அறிஞர் விடையளிக்கிறார். ஓய்வுநாளைப் புனிதப்படுத்தும் திராட்சை மதுவைவிடவும் வீட்டு விளக்கே முந்தியது. காரணம், வீட்டின் அமைதி. இருட்டில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு எரிச்சலடையும் வீட்டில் எந்தச் சடங்கும் சிறக்காது. ‘ஷலோம் பாயித்’, அதாவது வீட்டின் அமைதி, என்று இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, மேசைமீது வைக்கும் ரொட்டிகளைப் பற்றியது. இரண்டு ரொட்டிகளைத் துணியால் மூடிவைப்பார்கள். வழக்கமாக ரொட்டிக்குத்தான் முதல் வாழ்த்து உரியது. ஆனால், அன்று மதுவுக்கு முதலில் வாழ்த்துக் கூறப்படுவதால் ரொட்டி வெட்கப்படக்கூடாதாம். அதற்காகவே அந்தத் துணி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உயிரற்ற ரொட்டியே தலைகுனியக்கூடாது என்றால், அதே மேசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையைக் குனியவைக்கலாமா? ஒரு நன்னெறிக் கல்வி ஆசிரியருக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் கிடைக்காது. நானோ சோற்றுத் தட்டின் முன்னால் வைத்தே மகனிடம் புள்ளி கேட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் மாமியாரிடம், “அத்தை, லயத்துல வெள்ளிக்கிழமை எப்படி இருக்கும்?” என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. பெரட்டுக்கு விடியுமுன் ஓடவேண்டிய காலம் அது. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, குளிர்ந்த நீரிலேயே தலைக்குக் குளித்து, சாணம் மெழுகிய இடத்தில் கோலமிட்டு, ஒற்றை அகல் ஏற்றுவார்களாம். வீட்டில் மாமியார், நாத்தனார் என்று எத்தனை பேர் இருந்தாலும் விளக்கு எரியும்வரை யாரும் குரல் உயர்த்தக்கூடாது. “வெளக்கு எரியிறப்ப வாய அடக்கணும்மா. ஏசுனா லெச்சுமி வாசல்லயே நின்னுருவா” என்றார். அவருக்குத் தல்மூத் தெரியாது. ஆனாலும் அதே நீதியை அவரும் அறிந்திருந்தார். எங்கள் வீட்டிலும் விளக்கு நாள்தோறும் எரியத்தான் செய்கிறது. நான் ஒரு கையால் தீக்குச்சி உரசிக்கொண்டே, திரும்பிப் பார்த்து மகனை ஏசுவேன். அத்தை அதைக் கண்டும் காணாதவராக இருந்திருக்கிறார்.

அந்த வாரமே குடும்பத்தில் பேசினோம். வேறு சமயத்தாரின் சடங்கை நாம் எடுத்துச் செய்யப்போவதில்லை. நம் வெள்ளிக்கிழமை நம்மிடமே இருக்கிறது; அதை ஒழுங்காகச் செய்தால் போதும் என்று முடிவுசெய்தோம். மலைநாட்டில் ஆண்டு முழுதும் ஏழு மணியை ஒட்டியே பொழுது சாய்கிறது. ஆகவே ஏழு மணிக்கு விளக்கு என்று வைத்தோம். ஒன்பது மணிவரை கைப்பேசிகள் அனைத்தும் அடுக்களை அலமாரியில். என் கைப்பேசியும் அங்கேதான். புள்ளி, வீட்டுப்பாடம், பணம், உறவினர் குறை ஆகிய நான்கையும் பேசக்கூடாது. எல்லாரும் ஒன்றாக உண்ணவேண்டும். உண்ணுமுன் அத்தை எல்லாருக்கும் திருநீறு பூசி வாழ்த்துவார்.

முதல் வெள்ளியே தடுமாறியது. கணவருக்கு அன்று ஆறு மணிக்கே லோரி எடுக்கவேண்டியிருந்தது. “நான் இல்லாம நடத்துங்க” என்றார். அத்தை ஒப்பவில்லை. “எண்ணெய் நம்ம எண்ணெய், வெளக்கு நம்ம வெளக்கு. அஞ்சரைக்கே ஏத்துனா என்ன?” என்றார். அவ்வாறே ஐந்தரைக்கு ஏற்றினோம். சரக்கு உள்ள வாரங்களில் இன்றும் அப்படித்தான்.

மற்றவர்களைவிட எனக்குத்தான் மிகக் கடினமாக இருந்தது. திருத்தாத புத்தகங்கள் பையில் இருக்கும். கை துறுதுறுக்கும். வேலை முடிந்தபின் ஓய்வெடுக்கலாம் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஆசிரியர் வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது? அந்த மக்கள், வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் நேரம் வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். இதைப் படித்தபோது எளிதாகத் தோன்றியது. செய்தபோதுதான் அருமை புரிந்தது.

மூன்றாம் வெள்ளியன்று நானே விதியை மீறினேன். மகனின் பள்ளியிலிருந்து வந்த தேர்வுச் சீட்டை அன்று மதியம் அவன் பையில் கண்டெடுத்திருந்தேன். சாப்பாட்டின் நடுவில் அடக்கமுடியாமல் கேட்டுவிட்டேன். அவன் தட்டை வைத்துவிட்டு எழுந்து அறைக்குப் போய்விட்டான். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை மட்டும் பார்த்தார். கணவரும் பேசவில்லை. எனக்கு அழுகை வந்தது. பிறகு மகனின் அறைக் கதவைத் தட்டி, “ஐயா, அம்மா செய்தது தப்பு. வா, சாப்பிடு” என்றேன். பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது அன்றுதான் எனக்கு முதல் முறை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்தும், பயிற்சிக் கழகத்தில் குழந்தை உளவியல் படித்தும், அதுவரை நான் அதைச் செய்ததில்லை. அவன் வரவில்லை. அரைமணி கழித்து, தானே வந்து உண்டான்.

ஏழாம் வெள்ளியோ எட்டாம் வெள்ளியோ நினைவில்லை. உண்டு முடித்து எல்லாரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். வெளியே நல்ல பனி. திடீரென்று மகன், “அம்மா, ஒன்பது மணிவரைக்கும் ஏசமாட்டீங்கதானே?” என்று கேட்டான். “மாட்டேன்” என்றேன். இரண்டு மாதமாகத் துணைப்பாட வகுப்புக்குப் போகாமல், அந்த நேரத்தில் தோழர்களோடு கடை வாசலில் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னான். கணிதம் சுத்தமாகப் புரியவில்லை, கேட்டால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள் என்றான். எனக்கு உள்ளே கொதித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். கணவர்தான், “சொன்னியே, அதுபோதும். ஞாயித்துக்கிழமை பேசுவோம்” என்றார். அந்தச் சொல்லாலும் விளக்காலும் நான் வாய் மூடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பேசினோம். இப்போது என் சக ஆசிரியர் ஒருவரிடம் தனியாகக் கணிதம் கற்கிறான். புள்ளி பெரிதாக உயர்ந்துவிடவில்லை. ஆனால் பொய் சொல்லிவிட்டுப் போகவேண்டிய தேவை அவனுக்கு இல்லை. மற்றைய நாளில் அவன் இதைச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவன் இரண்டு மாதம் சொல்லவில்லை என்பதும் தெரிகிறது.

எங்கள் ஊரில் இரவில் மலைச்சரிவுகளைப் பார்த்தால், பூத்தோட்டக் கூடாரங்களில் வரிசை வரிசையாக மின்விளக்குகள் எரியும். சுற்றுலா வருவோர் அழகு என்று படம் எடுப்பார்கள். செவ்வந்திச் செடிக்கு நீண்ட இரவு கிடைத்தால்தான் மொட்டு விடும். செடி உயரமாக வளரும்வரை பூக்காமல் தடுக்கவே இரவில் விளக்குப் போடுகிறார்கள். வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்துவார்கள், அதன்பின் பூக்கும். நம் பிள்ளைகளை உயரமாக வளர்க்க நாமும் இரவு பகலாக விளக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. வாரத்தில் ஒரு மாலையாவது அதை நிறுத்தத்தான் வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வழக்கம்போல் எனக்குப் பேச ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். மின்தடை மாணவனின் பெற்றோரும் வந்திருந்தனர். அவர்களைத் தனியே அழைத்து அறிவுரை கூறும் எண்ணத்தை முன்பே கைவிட்டிருந்தேன். பொதுவாக எந்த அறிவுரையும் சொல்லவில்லை. என் மகள் எழுதிய வாக்கியத்தை மட்டும் வாசித்தேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு மெல்ல அமைதியானார்கள். வீட்டில் நாங்கள் செய்வதைச் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் கிறிஸ்துவத் தாய் ஒருவர், “எங்க வீட்ல விளக்கு இல்ல டீச்சர், ஆனா ஞாயித்துக்கிழமை ராத்திரி ஜெபம் உண்டு. அப்ப போனை எடுத்து வைக்கலாம்” என்றார். எந்தக் கிழமையாக இருந்தால் என்ன? மின்தடை மாணவனின் தந்தை என்னிடம் எதுவும் பேசவில்லை. போகும்போது தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று நான் துருவிக் கேட்கவில்லை. பையனை மட்டும் கவனித்து வருகிறேன்.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என் அனுபவத்திலிருந்து மூன்றே சொற்கள். பெரிதாகத் தொடங்காதீர்கள், வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும். விதியை முதலில் பெரியவர்கள் கடைப்பிடியுங்கள். நம் கைப்பேசி அலமாரிக்குள் போகாதவரை பிள்ளையின் கைப்பேசியும் போகாது. மீறிவிட்டால் மன்னிப்புக் கேளுங்கள். அந்த வாரம் வீணாகிவிட்டது என்று கைவிட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீடு மற்ற ஆறு நாளும் இன்னும் சத்தமாகத்தான் இருக்கிறது. உண்மையை மறைக்க விரும்பவில்லை. சென்ற வெள்ளியன்று, உணவு முடிந்து நான் துவாலையை எடுத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் போனேன். மகள், “இன்னைக்கு நீங்க லேட்டா குளிச்சாலும் பரவால்லம்மா” என்றாள். பேச்சுவழக்குதான். நான் திருத்தவில்லை.